பில்லுல இருக்க கன அடி எப்படி வருது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம கடையில தேக்குத் தடி எடுத்துட்டுப் போனவங்கள்ல சில பேர், வீட்டுல புள்ளைங்கள வச்சு கணக்குப் போட்டுப் பாத்துட்டு போன் பண்றீங்க, பில்லுல இருக்க கன அடியும் ஸ்கூல் பார்முலாவும் ஒத்துவரலையேன்னு. ஒத்துவராதுங்க, ரெண்டும் வேற வேற கணக்கு.

மொதல்ல ஏன் சுத்தளவு எடுக்குறோம்னா, எந்த மரமும் சரியான வட்டமா வளர்றதில்ல, வெட்டுன முகத்துல டேப் வச்சா ஒரு பக்கம் 15 இன்ச்சும்பாங்க இன்னொரு பக்கம் 16ம்பாங்க, அதுபோக அடியில பெருத்து நுனியில சிறுத்துப் போகும், அதனாலதான் தடியோட நட்டநடுவுல டேப்ப சுத்திப் புடிக்கிறது. சுத்தளவு கெடச்சா போதும், ஆரத்த தனியா தேட வேணாம். சுத்தளவ அதே சுத்தளவால பெருக்கி 12.57 ஆல வகுத்தா வட்டத்தோட பரப்பு (அந்த 12.57 எங்கேருந்து வந்துச்சுன்னா பை மதிப்பு 3.1416ஐ நாலால பெருக்குனது). 4 அடி சுத்து, 10 அடி நீளம்னா 16ஐ 12.57 ஆல வகுத்து 1.273 சதுர அடி, நீளத்தால பெருக்க 12.73 கன அடி. புள்ளைங்க சரியாத்தான் போட்டிருக்காங்க.

நாங்க போடுறது கால் சுத்துக் கணக்கு. 4 அடியில கால் பங்கு 1 அடி, அத அதாலயே பெருக்கி நீளத்தால பெருக்குனா 10 கன அடி. அதாவது 12.57க்கு பதிலா 16 ஆல வகுக்குறோம், அவ்ளோதான். 1736ல ஹாப்பஸ்ங்கிற வெள்ளக்காரர் போட்ட அட்டவணைக் கணக்கு இது, அறுக்குறப்ப போற ஓரச் சில்லு, ரம்பத்தூள் இதுக்கெல்லாம் விட்டுக்குடுக்குற மாதிரி இருக்கறதால மர யாவாரத்துல இன்னிக்கும் ஓடுது. ஆனா கால் சுத்து 12 இன்ச்சுங்கிறதால 12க்கு 12 சட்டம் அறுத்துத் தாங்கன்னு கேக்காதீங்க, விட்டமே 15.28 இன்ச்தான், அதுக்குள்ள அடங்குற பெரிய சதுரம் 10 இன்ச் 6 நூல் (8 நூல் ஒரு இன்ச்), அதுவும் மரம் நேரா இருந்தாத்தான்.

இன்னொரு விஷயம், 24 இன்ச் சுத்துள்ள கட்டை ரெண்டு சேந்தா 48 இன்ச் கட்டை ஒண்ணுக்கு சமம் கிடையாது, நாலு வேணும். டேப்புல வர்ற சின்ன தப்பும் இப்படித்தான் பெருகும், பட்டையோட அளந்து 48க்கு 50ன்னு வந்துச்சுன்னா நூத்துக்கு எட்டரை கன அடி சும்மா ஏறிடும். அதனால பட்டைய செதுக்கிட்டுதான் அளப்போம், பக்கத்துல நின்னு பாருங்க.

தோப்பு மரம் விக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான், ரேட்டும் அதுக்குத்தான் பேசுறோம். வேற எடத்துல முழு வட்டக் கணக்குல எடுத்துக்குறேன்னு சொன்னா சந்தோசப்படுறதுக்கு முன்னாடி ரேட்ட பாருங்க, நம்ம கணக்குல கன அடி 1000 ரூபாய்னா அவங்க கணக்குல 785 ரூபாய் குடுத்தாலே ரெண்டும் ஒண்ணுதான். அறுத்த சைஸ் மரத்தோட ரேட்ட தடி ரேட்டோட ஒப்பிடவே ஒப்பிடாதீங்க.

மரம் விக்கணும்னா நடுச் சுத்து, நீளம் ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பட்டையோடவா பட்டை எடுத்தான்னும் சேத்து எழுதிடுங்க.