சதுரமில்லாத சதுக்கம்

அன்புத் தங்கைக்கு,

ஸ்பெயினின் சலமான்கா நகருக்கு அரைநாள் போதும், அதன் பெரிய சதுக்கமான பிளாசா மயோரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் மத்ரித் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அந்தத் திட்டத்தை மாற்றச் சொல்லவே இந்தக் கடிதம். பகலில் மட்டும் அதைப் பார்த்துவிட்டு வருவது, நிலையில் நிற்கும் தேரைப் பார்த்துவிட்டுத் தேரோட்டம் கண்டதாகச் சொல்வது போலாகும்.

காரணம் அந்தச் சதுக்கத்தைக் கட்டிய கல். பக்கத்து ஊரான வில்லமயோரில் வெட்டியெடுக்கப்படும் மணற்கல், ஈரம் காயாதவரை மென்மையாக இருந்து உளிக்கு இணங்கிக் கொடுக்கும். காற்றுப்படப்பட இறுகி, தன்னுள் இருக்கும் இரும்பினால் மெல்ல மெல்லப் பொன்னிறம் ஏறும். நான் ஒரு தூணின் அடியைத் தடவிப் பார்த்தபோது மஞ்சள் மணல் விரலில் ஒட்டியது. நண்பகலில் வெளிறிக் கிடந்த அதே தூண், பொழுது சாயும் நேரத்தில் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

அல்பெர்த்தோ தே சுரிகேராவின் வடிவமைப்பில் 1729-இல் தொடங்கிய வேலை, மனை உரிமையாளர்களின் எதிர்ப்பால் இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், ஆந்த்ரெஸ் கார்சியா தே கின்யோனெஸ் கட்டிய நகராட்சி மாளிகையோடு 1755-இல் நிறைவடைந்தது. உன் கடிதத்தில் அதைச் சதுரம் என்று குறிப்பிட்டிருந்தாய். உண்மையில் அதன் நான்கு பக்கங்களும் ஒரே நீளமல்ல. ஆனால் 88 வளைவுகள் இடைவிடாமல் சுற்றிவருவதால் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரிவதே இல்லை. என்னைக் கேட்டால், கட்டியவர்களின் திறமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வளைவுகளுக்கு இடையே வட்டப் பதக்கங்களில் முகங்கள் செதுக்கப்பட்டிருக்கும்: அரசர்கள், படைத்தலைவர்கள், புனிதர்கள், எழுத்தாளர் செர்வாந்தெஸ். சர்வாதிகாரி பிராங்கோவின் முகமும் அங்கே இருந்தது. 2017-இல் அதை அகற்றினார்கள். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் ஊரார் நாள்தோறும் கூடிப் பேசும் இடத்தில், அவர்களின் வாயை அடைத்தவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கே காளைச் சண்டைகள் நடந்தன; மாடங்களிலிருந்து மக்கள் பார்த்தார்கள். பின்னர் நடுவில் தோட்டம் அமைத்தார்கள், கடந்த நூற்றாண்டில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் கல்தளம்தான். மாணவர்கள் அதில் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் 'கடிகாரத்துக்குக் கீழே வா' என்பதுதான் அவ்வூர் வழக்கம்.

ஆகவே, மாலை வண்டிக்குப் பயணச்சீட்டு எடுக்காதே. ஓரிரவு தங்குவதற்கு நானே அறை பார்த்து வைக்கட்டுமா? பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்