கோஸ் லோரியும் கிம்ச்சி போத்தலும்

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஒரு கண் பளிச்சென்று இருக்கிறது, இன்னொன்று நம் பழைய லோரிக் கண்ணாடி மாதிரி மங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் துடைத்துத்தானே தாப்பா மலையை இறங்கினோம். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. சொன்னால் நம்பமாட்டாய், நான் இப்போது முட்டைக்கோஸ் சாப்பிடுகிறேன்.

கோஸ்தான், மாரி. இருபத்திரண்டு வருஷம் கேமரன் மலை பிரிஞ்சாங்கிலிருந்து செலாயாங் மொத்த மார்க்கெட்டுக்கு ஏற்றி இறக்கினேனே, அதே கோஸ். நீ கெலிண்டானாக, லோரிக் கையாளாக, என்னோடு ஓடிய ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது நான் அதை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாயா? வாழையிலைச் சாப்பாட்டில் கோஸ் பொரியல் வைத்தால் அப்படியே உன் இலைக்குத் தள்ளிவிடுவேன். ஈரக் கூடை, டீசல், அழுகின வெளி இலை மூன்றும் சேர்ந்த வாடை சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது. கல்யாணமான புதிதில் வள்ளி என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொன்ன கதைதான் உனக்குத் தெரியுமே.

போன வருஷத்திலிருந்து மோண்ட் கியாராவில் ஒரு கொண்டோவில் ஜாகா வேலை, காவல் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பக்கம் கொரியாக்காரர்கள் நிறைய. எங்கள் கட்டடத்தில் மகனோடு ஒரு கொரியப் பாட்டி இருக்கிறார். நவம்பரில் ஒரு நாள் காலை வேன் வந்து ஆறு பெட்டி இறக்கியது. திறந்து பார்த்தால் நீளக் கோஸ், மார்க்கெட்டில் வோங் போக் என்போமே, அது. தூக்கியதுமே கை எடை சொல்லிவிட்டது, பெட்டிக்குப் பத்துக் கிலோ. அறுபது கிலோ கோஸை ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்கள் என்று எனக்குத் தாங்கவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, போகாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கிம்ச்சி போடுகிறார்களாம். அவர்கள் ஊரில் குளிர்காலம் வருவதற்கு முன் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாரும் கூடி, குளிர் முடியும்வரை தாங்குகிற மாதிரி மொத்தமாகப் போட்டு வைப்பார்களாம். அதற்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013-ல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தோட்டத்து லயத்தில் தீபாவளிக்கு முன் பெண்களெல்லாம் கூடி முறுக்குப் பிழிவார்களே, நாம் அடுப்பைச் சுற்றியே திரிவோமே, அந்தக் கூத்துதான். பாட்டியோடு இன்னும் மூன்று பெண்கள், சிரிப்பும் சத்தமும்.

அன்றைக்குக் கோஸை நெடுக்காகப் பிளந்து, இலைக்கு இலை உப்புத் தூவி, உப்புத் தண்ணீரில் போட்டார்கள். மறுநாள் எனக்கு லீவு. பெட்டி அடுக்கிக் கொடுக்க வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே போய்விட்டேன். பாட்டி ஓர் இலையை எடுத்தார். அடியில் தடியாக வெள்ளைத் தண்டு இருக்குமே, நம் கையில் டக்கென்று ஒடியுமே, அதை இரண்டு விரலால் வளைத்தார். ஒடியவில்லை, ரப்பர் மாதிரி மடிந்து நுனியும் அடியும் முத்தமிட்டுக்கொண்டன. ‘சூடா’ என்றார், மலாயில் ‘ஆகிவிட்டது’ என்று. அவருக்குத் தெரிந்த மலாயே நாலு வார்த்தைதான். உப்பு ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அளவு. தராசும் இல்லை, கடிகாரமும் இல்லை.

பிறகு அலசி, நீர் வடித்து, மசாலா தடவ ஆரம்பித்தார்கள். மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, மீன் சாறு, உப்பில் ஊறிய பொடி இறால், முள்ளங்கிக் கீற்று, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த அரிசி மாவுக் கஞ்சி. ஒவ்வோர் இலையாகத் தூக்கி உள்ளே தடவுகிறார்கள், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. நான் பார்த்துக்கொண்டே நிற்க, பாட்டி ஓர் இலையைச் சுருட்டி என் வாயருகே நீட்டிவிட்டார். வயதில் மூத்தவர் ஊட்டும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு வருஷ வைராக்கியம் அங்கே போனது. ஒரு போத்தலும் கொடுத்தனுப்பினார்.

ருசியை எப்படி எழுதுவது? முதல் நாள் உறைப்பும் பூண்டும்தான். நாலாம் நாள் புளித்தது, நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தியது. இங்கேதான் உன் வீட்டு ஆச்சாருக்கும் இதற்கும் வித்தியாசம். அதில் வினிகர் ஊற்றிப் புளிப்பு வரவைக்கிறீர்கள். இதில் வெளியிலிருந்து எதையும் ஊற்றவில்லை, கோஸ் தானே புளிக்கிறது. (ஆச்சாரைக் குறை சொன்னேன் என்று உன் மனைவியிடம் சொல்லி வைக்காதே. கச்சான் (வேர்க்கடலை) தூவின அந்த ஆச்சார் எனக்கு வேண்டும்.)

எங்கள் சின்னவள் ஷா ஆலாமில் உணவுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள் அல்லவா, அவள்தான் விளக்கினாள். கோஸ் இலையில் நல்ல கிருமியும் இருக்கும், கெட்ட கிருமியும் இருக்கும். உப்புப் போட்டுக் காற்றுப் படாமல் அமுக்கிவிட்டால் அழுக வைக்கிற கிருமிகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும், புளிக்க வைக்கிறது தழைக்கும். முதலில் வேலையை ஆரம்பிக்கிறதன் பெயர் லூக்கோனாஸ்டாக். நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே ஆள்தானாம். எங்கள் அம்மா மாவைக் கையால் கரைத்துவிட்டு ‘என் கைராசி’ என்பாரே, அந்தக் கைராசியின் பெயரை இத்தனை வயதில் தெரிந்துகொண்டேன்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்த அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் இரண்டு ராத்திரி, மேலே கன்வாஸ், உள்ளே முழு லோடு கோஸ். நீ முன் சீட்டில் படுத்துக்கொண்டு ‘அண்ணே, வண்டி மூச்சு விடுது’ என்றாய். கன்வாஸுக்குள் கை விட்டால் அடுப்பு மாதிரிச் சூடு. செலாயாங்கில் ஒருத்தரும் தொடவில்லை. பாதி லோடு குப்பைக்குப் போனது, முதலாளி நம் இரண்டு பேர் சம்பளத்திலும் பிடித்தார். மண் சரிந்ததற்கு நாம் என்ன செய்வோம்? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றைக்கு லோரியில் நாலு மூட்டை உப்பு இருந்திருந்தால் கிம்ச்சி முதலாளி ஆகியிருப்போம் என்று சின்னவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, எத்தனை கிலோ லோடு என்று கேட்டுக் கணக்குப் போட்டாள். நாலு மூட்டை போதாதாம்.

அப்புறம் அவளே எனக்கு ஜெர்மன்காரர் பண்டம் ஒன்று சொல்லிக் கொடுத்தாள். சவர்கிராவுட். புளித்த கோஸ் என்றுதான் அர்த்தம். அதில் மிளகாயும் இல்லை, பூண்டும் இல்லை. நம் உருண்டைக் கோஸ் ஒரு கிலோவை மெலிசாகச் சீவி, 20 கிராம் உப்புப் போட்டுக் கையால் பிசைய வேண்டும். பத்து நிமிஷத்தில் அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீருக்குள் முழுக அமுக்கி, மேலே ஒரு கனம் வைத்து மூடிவிட வேண்டியதுதான்.

1768-ல் கேப்டன் குக் எண்டெவர் கப்பலில் கிளம்பும்போது இதை மூன்று டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனாராம், ஸ்கர்வி வராமல் இருக்க. காய்கறி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் ஈறு வீங்கி ரத்தம் வருமே, அந்த வியாதி. மாலுமிகள் முதலில் தொடவில்லை. உடனே அவர் தினமும் அதிகாரிகள் மேஜையில் மட்டும் வைக்கச் சொன்னார். பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததும் கீழே இருந்தவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் முதலாளிக்கு இதில் கால்வாசி மூளை இருந்திருக்கலாம்.

ஜெர்மனிக் குளிரில் அது பக்குவமாக வாரக்கணக்கில் ஆகுமாம். செந்தூல் சூட்டுக்கு அவ்வளவு பொறுமை ஏது? இரண்டாம் நாளே நுரைத்தது. மூன்றாம் நாள் ராத்திரி போத்தல் ‘புஸ்’ஸென்று பொங்கி, அலமாரியிலிருந்து வடிந்து நேராக வள்ளியின் அரிசி டின்னுக்குள். விடிந்ததும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதத் தாள் போதாது. ஆறாம் நாள் ஐஸ் பெட்டியில் வைத்தேன். அதற்குள் நன்றாகவே புளித்திருந்தது, மொறுமொறுப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. வள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு ‘கெட்டுப் போச்சு’ என்றாள். பிறகு மனசு கேட்காமல் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அதில் கொட்டிப் பிரட்டினாள். அந்த நல்ல கிருமியெல்லாம் சட்டியிலேயே செத்திருக்கும். ஆனால் தயிர்ச்சோற்றுக்கு அப்படி ஒரு தொடுகறி நான் சாப்பிட்டதில்லை.

இப்போது வள்ளி தைப்பூச விரதம். கிம்ச்சியில் இறாலும் மீன் சாறும் இருப்பதால் அந்தப் போத்தலைத் தனியாக ஒதுக்கிவிட்டாள். அவளுக்காகச் சோயா சாறும் ஊறவைத்த காளானும் போட்டு ஒன்று சைவமாகப் போட்டிருக்கிறேன். மோசமில்லை, ஆனால் இறாலின் அடி ருசி இல்லாமல் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கிறது. பொடி இறாலுக்குப் பதில் நம் ஊர்ப் புளித்த இறால், சிஞ்சாலோக் போட்டால் என்ன என்று ஒரு யோசனை. அங்கே மார்க்கெட்டில் நல்லதாகக் கிடைத்தால் இரண்டு போத்தல் வாங்கி வை, விரதம் முடிந்து போட்டுப் பார்க்கிறேன்.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே நானும் வள்ளியும் இடிஎஸ் ரயிலில் வருகிறோம், பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு எல்லாரும் சேர்ந்தே போகலாம். பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. சைவக் கிம்ச்சி ஒரு போத்தல் உனக்குக் கொண்டு வருகிறேன். கைக்கு வந்ததும் ஐஸ் பெட்டியில் வை, தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றை விடு, இல்லாவிட்டால் உன் வீட்டு அரிசி டின்னுக்கு நான் பொறுப்பில்லை. ரயிலிலும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தித்தான் வைக்க வேண்டியிருக்கும். வாடை தாங்காமல் எதிர் சீட்டுக்காரர் எழுந்து போனால் நல்லதுதான், முட்டிக்குக் காலை நீட்டிக்கொள்ளலாம்.

உன்,
குணா