மாத்திரை அட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். சென்ற வாரம் பேசியபோது, உன் இரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராமிலிருந்து 34-க்கு ஏறிவிட்டது, இனி இதயத்தைப் பற்றிய கவலை விட்டது என்று சொன்னாய். நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அளவு ஏறியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். எலும்புக்கும் தசைக்கும் அது நல்லது. ஆனால் ‘கவலை விட்டது’ என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

நீ ஆதாரமில்லாமல் பேசுகிறவள் அல்ல. இதயத் தசையிலும் இரத்தக் குழாயின் உட்சுவரிலும் இந்த வைட்டமினை ஏற்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பை அது அடக்குவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய இதய ஆய்வில் 2008-இல் வெளிவந்த முடிவின்படி, 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. அதைப் படித்துவிட்டு உனக்கு அனுப்பியவனே நான்தானே.

ஆனால் அளவு குறைந்திருப்பவர்கள் யார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. நோயால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், வெளியே நடக்காதவர்களுக்கும் அது குறைவாகவே இருக்கும். குறைபாடு நோயை வரவழைத்ததா, நோயோடு கூட வந்ததா என்பதை மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் அறிய முடியும். அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 2,000 அலகும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வந்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருக்கவில்லை. நியூசிலாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மாதம் ஒரு இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்ததிலும் அப்படியே.

ஆகவே குறை இருந்தால் நிரப்ப வேண்டியதுதான். இதயத்துக்குக் காவல் என்று அதை நம்பி இருந்துவிடக் கூடாது. எட்டு வாரத்துக்கென்று எழுதிக் கொடுத்த 60,000 அலகு மாத்திரையை நீயாக நீட்டிக்கவும் வேண்டாம். அது கொழுப்பில் தேங்குவது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகக் கல்லும் இதயத் துடிப்பில் கோளாறும் வரலாம். இதைத் தொலைபேசியிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டேன் என்பது நினைவிருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ வந்திருந்தபோது என் கண்ணாடியைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். உன் டி மாத்திரை அட்டை முழுவதும் காலியாக இருந்தது. பக்கத்திலேயே உன் இரத்த அழுத்த மாத்திரை அட்டையில் பத்தில் இரண்டு மட்டும் பிரிக்கப்பட்டிருந்தது. மேலே மருந்துக் கடைக்காரர் எழுதிய தேதி இரண்டு மாதம் பழையது. பள்ளி நாளிலிருந்தே எதையும் தேதி போட்டு ஒழுங்காகச் செய்பவள் நீ. அதனால்தான் அதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை அம்மா.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குளியலறையில் விழுந்தது வெயிலால் வந்த மயக்கம் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். காலை வெயிலில் நிற்கிறேன், டி மாத்திரை போடுகிறேன், அழுத்தம் தானாக அடங்கிவிடும் என்று நம்பி, எட்டு மாதமாக அழுத்த மாத்திரையைத் தொடாமல் இருந்தேன். அன்று மருத்துவமனையில் 210/120 இருந்தது. உன் பெரியப்பாவின் கதையை அருகிலிருந்து பார்த்த பிறகும் அப்படிச் செய்தேன். அம்மாவுக்கு நேற்றுதான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த எட்டு மாதத்தில்தான் உனக்கும் அந்தக் கட்டுரையை அனுப்பினேன்.

இப்போது தினமும் மாத்திரை போட்டு, அளந்து, நோட்டில் எழுதிவைக்கிறேன். இன்று காலை 136/84. நாளைக் காலை ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு அளந்து, உன்னுடையது எவ்வளவு என்று எழுது. அது எவ்வளவு இருந்தாலும் நான் கோபிக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா