டெய்லர் ஐயாவுக்கும் நம் ஊருக்கும்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், கடைத்தெரு வியாபாரிகளுக்கும், சாயங்கால வேளையில் பள்ளி மதில்மேல் ஏறி உட்கார்ந்து பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியர் கால்பந்து அணி மாநிலப் போட்டிக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலை வண்டி. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வடிந்த வாரத்தில், இந்த வருடம் அணியை அனுப்ப இயலாது என்று கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தவள் நான். கையெழுத்து போடுவது மட்டும்தான் பாக்கி.

வெள்ளத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஃபெஞ்சல் புயல் போன பிறகு தென்பெண்ணை ஆறு எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் கோடு இருக்கிறது. பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை என்ன ஆனது என்பதும் ஊருக்கே தெரியும்.

கூட்டாகச் சொல்ல வேண்டிய நன்றிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் படிந்த வண்டலை மண்வெட்டியால் வாரிப் போட்ட தூய்மைப் பணியாளர்களுக்கு நன்றி. தரை காயும்வரை தம் முந்திரித் தோப்புக்குள் பயிற்சிக்கு இடம் கொடுத்த விவசாயிக்கு நன்றி. 2011இல் தானே புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாகக் கன்று வைக்க மனம் வராமல் அவர் விட்டுவைத்த திட்டு அது. ஒரு பக்கம் பந்து போனால் முள்வேலி, மறுபக்கம் போனால் அவருடைய மாடு. பந்துகளுக்குக் காசு வாங்காமல் காற்றடித்துக் கொடுத்த சைக்கிள் கடைத் தம்பிக்கும், பயிற்சி முடிந்து வரும் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை அவித்து வைத்த சத்துணவு அம்மாவுக்கும், தோப்பு முனையில் நிறுத்தமே இல்லாதபோதும் பிரேக் போட்ட மினி பஸ் ஓட்டுநருக்கும், நான் மறந்துபோன, ஆனால் என்னை மன்னித்துவிடக்கூடிய இன்னும் பலருக்கும் நன்றி. மாவட்ட இறுதியாட்டத்தில் நம்மிடம் தோற்ற பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் தம் பிள்ளைகளின் முழங்கால் காப்புகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கள் மாநிலத்தில் ஜெயித்துவிட்டால் நாங்கள் தோற்றது சாம்பியனிடம் என்று ஆகிவிடும், அதற்காகத்தான்" என்றார். இப்படிச் சொல்லிக்கொண்டே உதவுகிறவர்கள் இருக்கும்வரை எங்கள் தொழிலுக்குக் குறைவில்லை.

புது ஜெர்சியும் ஷார்ட்ஸும் வாங்கி அனுப்பிய, சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களுக்குத் தனியாக நன்றி. அவர்கள் அனுப்பிய பெட்டியிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

ஜெர்சி நல்ல மஞ்சள். முதுகில் எண், மார்பில் பள்ளிப் பெயர். பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தார்கள். ஊரெல்லாம் சேற்று வாடை அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. புதுத் துணி வாசனைக்கு அவ்வளவு ஏக்கம். அடியில் ஷார்ட்ஸ் இருந்தது. பதினெட்டும் வெள்ளை. பளீரென்ற வெள்ளை. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கோல்கீப்பர் மட்டும், எதிரணிக்காரியை எப்போதும் சத்தம் போட்டே மிரட்டுகிற பெண், ஒன்றைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆண்கள் மட்டும் படிக்கிறவர்களாக இருந்தால் சொல்கிறேன்: பதினெட்டு பெண்கள், மூன்று நான்கு நாள் போட்டி. யாரோ இருவருக்காவது அந்த நாட்களில் மாதவிடாய் வந்தே தீரும். அரசின் புதுயுகம் திட்டத்தில் பள்ளியிலேயே நாப்கின் கிடைக்கிறது, அது பெரிய காரியம். ஆனால் வெள்ளைத் துணியில், மேடையிலும் மரத்தடியிலும் ஆண்கள் நின்று பார்க்க, பந்துக்குப் பாய வேண்டிய நேரத்தில் பின்பக்கத்தைப் பற்றி நினைக்கிற பெண் பாய மாட்டாள். உள்ளே கறுப்பில் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விதி இடம் தராது. உள்ளே அணிவது மேலே அணிந்திருப்பதன் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்பது கால்பந்தின் நான்காவது விதி.

அன்போடு வாங்கி அனுப்பியவர்களிடம் போய் நிறம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? வெள்ளத்தில் எல்லாம் போன ஊர், இலவசமாக வந்த துணி, அதில் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று ஆகிவிடாதா? வேறு ஷார்ட்ஸ் வாங்கப் பள்ளியில் பணமும் இல்லை. இடுப்பு வேறு எல்லாம் பெரிது. சரி, இடுப்பையாவது பிடித்துக் கொடுக்கட்டும் என்று, ஜெர்சியோடு சேர்த்து மொத்தத்தையும் ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் டெய்லர் ஐயாவிடம் கொண்டுபோனேன்.

பெயர் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணச் சட்டையும் உங்கள் மகனின் முதல் பள்ளிச் சீருடையும் அவர் கையில் பிறந்தவைதான். அவர் கடையும் தண்ணீரில் நின்றது. தையல் மெஷினைத் தூக்கி மேலே வைத்திருக்கிறார், மோட்டார் மட்டும் தப்பவில்லை. பழைய தோல் பெல்ட்டை மாட்டிக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது.

ஷார்ட்ஸை விரித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எல்லாம் வெள்ளைதானா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிள்ளைகளை வரவழைத்து அளவெடுக்கவும் இல்லை. வகுப்பு முடிந்து போகும்போது சந்து முனையில் நின்று கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருத்திக்கு மட்டும் என்ன அளவு என்று கேட்டு ஆள் அனுப்பினார்: தலையில் முக்காடு போட்டு ஆடும் நம் இடது பின்கள ஆட்டக்காரிக்கு. இடுப்பளவு அல்ல, தலையளவு.

வாங்கப் போனபோது இரண்டு கட்டு இருந்தது. ஒன்றில் அந்த வெள்ளை ஷார்ட்ஸ், இடுப்பு பிடித்து, இஸ்திரி போட்டு, மடித்து. மற்றொன்றில் பதினெட்டு கருநீல ஷார்ட்ஸ். ஏதோ ஒரு பள்ளிக்கு டிராக் பேன்ட் தைக்க வாங்கி, ஆர்டர் நின்றுபோய், பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பிய துணியாம். நாடா கோத்து, கால் விளிம்பில் இரட்டைத் தையல் போட்டு, தொடை சேரும் இடத்தில் அதே துணியில் இன்னொரு மடிப்பு வைத்து ஓட்டியிருந்தார். அந்த மடிப்பைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. விரலை அதன்மேல் வைத்தபடியே நின்றேன்.

"வெள்ளையைப் போட்டோ எடுக்க வைத்துக்கொள்ளுங்கள், டீச்சரம்மா. வாங்கிக் கொடுத்தவர்கள் மனசு குளிரும். ஆட்டத்துக்கு இது. செம்மண்ணில் விழுந்து எழுந்திருக்கிற பிள்ளைகள். வெள்ளையில் கறை பட்டால் போகாது" என்றார்.

அவர் செம்மண்ணைத்தான் சொன்னார். நானும் செம்மண் என்றே கேட்டுக்கொண்டேன்.

கட்டின் மேலே தனியாக ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் மஞ்சள் நிறத்தில் தலைக்கவசம் போல ஒன்று. ஜெர்சிகள் நீளமாக இருந்ததால் கீழே வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுப் போட்டு, கழுத்தைச் சுற்றி மெல்லிய எலாஸ்டிக் வைத்துத் தைத்த முக்காடு. ஊசி கிடையாது, முடிச்சு கிடையாது. முக்காடு போட்டு ஆடலாம் என்று 2014இல் கால்பந்து விதிகளில் சேர்த்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டும் அல்லது ஜெர்சியின் நிறத்தில் இருக்க வேண்டும், குத்தும்படி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த விதிப் புத்தகம் டெய்லர் ஐயா கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் நடுவர் ஒரு குறை சொல்ல முடியாது. மாவட்டப் போட்டியில் இந்தப் பெண் ஊக்கு குத்திய துப்பட்டாவோடு வந்து, ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

கருநீலக் கட்டைப் பிள்ளைகள் முன் பிரித்தபோது கூச்சலை எதிர்பார்த்தேன். இல்லை. ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் போய்விட்டார்கள். வயிற்றுவலி என்று இரண்டு நாளாகத் தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வெளியே வந்து, "மிஸ், நான் இன்றைக்கு உள்ளே இறங்குகிறேன்" என்றாள். அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தைத் தோப்புக்காரரின் மாடு பார்த்திருக்கிறது, நீங்கள் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

இந்தத் தொழிலில் எனக்குப் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. எட்டாம் வகுப்பில் மைதானத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பெண், ஒன்பதாம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறாள். பத்தாம் வகுப்பில் அதுவும் இல்லை. படிப்பு என்பார்கள், வெயிலில் கறுத்துவிடுவாள் என்பார்கள், மாமா வீட்டில் ஏதோ சொன்னார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்டுத் துருவினால் அடியில் இப்படிச் சின்னதாக ஒன்று கிடக்கும்: மாற்றுத் துணிக்கு அறை இல்லை, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஷார்ட்ஸ் வெள்ளை. வெள்ளை உடையிலேயே ஆட வேண்டிய விம்பிள்டன் டென்னிஸில் பெண்கள் உள்ளே கறுப்பு அணிந்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்ததே 2023இல்தான். ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்து மகளிர் அணி, வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டாம் என்று வாய்விட்டுக் கேட்டு, அதே 2023இல்தான் நீலத்துக்கு மாறியது. அவர்களே கேட்டுத்தான் பெற்றார்கள். என் பிள்ளைகள் கேட்கவில்லை. கேட்கும் துணிச்சல் எனக்கும் வரவில்லை.

நம் மாவட்டத்துக்குப் பெண்கள் கால்பந்து புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு கடலூரில் பந்து உதைக்கத் தொடங்கிய பெண்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டராகவும் ஆனார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரை வீழ்த்தி முதன்முதலாகத் தேசிய சீனியர் பட்டம் வென்றார்கள், 2023இல் மறுபடியும் வென்றார்கள். இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்லும்போது அம்மாக்கள் கண் விரியக் கேட்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு என்றதும் அப்பாக்களும் நிமிர்கிறார்கள். அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் எத்தனை டெய்லர்கள் இருந்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அவர்கள் பெயரைப் பத்திரிகை எழுதாது. எழுதப் போனாலும் இவரைப் போல வேண்டாம் என்பார்கள் போலிருக்கிறது.

பழைய மாணவர்களே, இதைப் படித்து நீங்கள் மனம் நோகக் கூடாது. வெள்ளையிலும் அழகாக ஒரு குழுப்படம் எடுத்திருக்கிறோம், உங்களுக்கு வந்து சேரும். ஜெர்சி இல்லாமல் ஷார்ட்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு எங்கே போவது? நீங்கள் அனுப்பியதால்தான் இழுப்பறையில் இருந்த கடிதத்தைக் கிழித்தேன்.

ஊரறிய இரண்டு வாக்குக் கொடுக்கிறேன். நான் இந்தப் பள்ளியில் இருக்கும்வரை பெண்கள் அணிக்கு வெள்ளை ஷார்ட்ஸ் வராது. யார் வாங்கித் தந்தாலும் நிறத்தை முதலில் நானே வாய்விட்டுச் சொல்வேன். அணியின் முதலுதவிப் பையில் பஞ்சுக்கும் வலி மருந்துக்கும் பக்கத்தில் நாப்கினும் ஒரு மாற்று ஷார்ட்ஸும் இருக்கும், யாரும் கேட்க வேண்டியதில்லை. பத்தொன்பதாவதாக ஒன்று தைத்துத் தர ஐயாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை முடிந்தவர்கள் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். தோற்றால் அன்றே வெளியேற வேண்டிய ஆட்டங்கள் இவை, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் நடுக்களம் பலமானது, பின்களம் கொஞ்சம் அவசரப்படும். கோல்கீப்பரின் தொண்டை மட்டும் தயாராக இருக்கிறது.

டெய்லர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: இத்தனை செய்துவிட்டு இடுப்பு பிடித்ததற்கு மட்டும்தான் கூலி வாங்கிக்கொண்டீர்கள். மீதியைத் திரும்பி வந்ததும் கொண்டுவருகிறேன், மறுக்கக் கூடாது. பதினொன்றாம் எண்காரிக்கு நேற்றே நாடா உருவிவிட்டது. நாளைக்குப் பள்ளி விட்டதும் அவளை அனுப்புகிறேன், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் உடற்கல்வி ஆசிரியை