குழந்தைகள் தாங்க மாட்டார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விடுமுறையில் பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ரால்ட் டால் எழுதிய 'தி விட்ச்சஸ்' கதை 1990இல் படமானதைப் பற்றி அதில் ஒரு வரி: மூலக்கதையின் சோக முடிவைக் குழந்தைகள் தாங்க மாட்டார்கள் என்பதால் இயக்குநர் அதை நல்லவிதமாக மாற்றியிருக்கிறாராம். எழுதியவர் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாரா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

தாங்கள் அறியாத கதை இல்லை. பெற்றோரை விபத்தில் இழந்த பையனைச் சூனியக்காரிகள் எலியாக்கிவிடுகிறார்கள். கடைசிவரை அவன் எலிதான். இன்னும் ஒன்பது வருடம் போல உயிரோடு இருப்பாய் என்கிறாள் பாட்டி. அவளுக்கு வயது 86. பையனுக்கு அதில் சந்தோஷம்தான். பாட்டி போன பிறகு தனியாகக் கிடக்க வேண்டாமே! அப்புறம் இருவரும் உட்கார்ந்து, உலகத்தில் மிச்சமிருக்கும் சூனியக்காரிகளை ஒழிக்கத் திட்டம் போடுகிறார்கள். படத்திலோ, மனம் திருந்திய ஒருத்தி வந்து அவனை மறுபடி பையனாக்கிவிடுகிறாள். சுபம், வணக்கம். இந்த முடிவு டாலுக்கே பிடிக்கவில்லை. அந்த நவம்பரில் மனிதர் இறந்தும் போனார். ஆஞ்சலிகா ஹூஸ்டன் தலைமைச் சூனியக்காரியாக மிரட்டியிருப்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் வயிறு கூடுதலாக எரிகிறது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடைசி பீரியடில் இந்தக் கதையைத் தமிழில் சொல்வது என் வழக்கம். ஒரு பிள்ளையும் அழுததில்லை. ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிடுவாங்க, இல்ல சார்?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கேள்வி பின்பெஞ்சிலிருந்து வந்தது: "எலி எப்படி சார் பல்லு தேய்க்கும்?" அதற்கும் டால் பதில் எழுதி வைத்திருக்கிறார். தீக்குச்சியைக் கைப்பிடியாக வைத்து, தன் தலைவாரும் பிரஷ்ஷிலிருந்து முடியை நறுக்கிச் செருகி, பாட்டியே ஒரு குட்டிப் பிரஷ் செய்து கொடுக்கிறாள். தாங்க மாட்டாத குழந்தைகள் கேட்கிற கேள்வியா இது? நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய கதையைச் சோற்று உருண்டையோடு சேர்த்து விழுங்கி வளர்ந்த ஊர் இது, ஐயா.

2020இல் மறுபடி எடுத்த படத்தில் பையனை எலியாகவே விட்டுவைத்தார்கள். அந்தப் படத்துக்கு வேறு கேடுகள் உண்டு. முடிவு அதில் ஒன்றில்லை.

தங்கள் பத்திரிகைக்கு இந்தப் பெருந்தன்மை புதிதல்ல. 1937இல் ஒரே புத்தகமாக வந்த 'தி ஹாபிட்'டை, புத்தகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணைச் சேர்த்து, மூன்று படங்களாக ஏறக்குறைய எட்டு மணி நேரம் இழுத்தார்கள். பிரம்மாண்டம் என்று எழுதினீர்கள். 2007இல் 'தி கோல்டன் காம்பஸ்' கதையின் கடைசி அத்தியாயங்களை அப்படியே வெட்டி, ரோஜர் என்கிற சிறுவனின் சாவை மறைத்தார்கள். அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தைப் பாராட்டுக் கடிதம் போல நறுக்கிப் போட்டீர்கள். வெட்டுவதில் ஹாலிவுட்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்! நீங்களும் நான்கு பக்கச் சிறுவர் பகுதியை அரைப்பக்கமாக்கி, அதிலும் பாதியைப் புள்ளிகளை இணைக்கும் படத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே வந்துகொண்டிருந்த தொடர்கதை பாதியில் நின்றதற்கு இன்றுவரை ஒரு வரி விளக்கம் இல்லை. சரி, பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அடுத்த இதழில், அந்த முடிவு கதாசிரியருக்கு உடன்பாடானதல்ல என்று ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் வந்தால் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் புத்தகத்தின் பெயரும் இருக்கட்டும். இடமில்லை என்றால் அந்தப் புள்ளிப் படத்துக்குக் கீழே போட்டாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம்.