மாதம் பத்து பவுண்டு

அன்பு மகளுக்கு,

போன வாரம் என் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே, “இது என்னப்பா, மாதா மாதம் பத்து பவுண்டு ஹார்ட்ஸ் கால்பந்து கிளப்புக்குப் போகிறது? அதுவும் 2013லிருந்து?” என்று போனில் கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆடிட்டரிடம் வாய்ப்பேச்சில் ஜெயிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வந்தது 1985 செப்டம்பரில். வாடகை குறைவு என்று கோர்ஜியில் ஓர் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் மதுபான ஆலையின் மால்ட் வாசனை வரும். ஹார்ட்ஸின் டைன்காசில் மைதானம் நடக்கிற தூரம்தான். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு, சனிக்கிழமை மதியம் தெரு முழுக்க மரூன் நிற மப்ளர்கள் போவதைப் பார்ப்பதே வேடிக்கையாக இருந்தது. அந்த சீசனில் ஹார்ட்ஸ் தோற்பதையே மறந்திருந்தது. லீகில் தொடர்ந்து 27 ஆட்டங்கள் தோல்வி இல்லை. கடைசி ஆட்டம் 1986 மே 3, டண்டீ அணியுடன், அவர்கள் ஊரில். டிரா செய்தாலே போதும், 1960க்குப் பிறகு முதல் பட்டம்.

நானும் வீட்டுக்காரரும் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 83வது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது டண்டீயின் ஆல்பர்ட் கிட் என்று ஒரு மாற்று ஆட்டக்காரர் ஒன்று அடித்தார், நான்கு நிமிடம் கழித்து இன்னொன்று. அதுவரை அந்த சீசனில் லீகில் ஒரு கோல்கூட அடிக்காத ஆள்! அதே நேரம் பட்டத்துக்குப் போட்டியில் இருந்த செல்டிக், செயின்ட் மிரன் அணியை 5-0 என்று அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் பட்டம் செல்டிக்குக்கு. வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுப் போய் டீ போட்டார். அடுத்த சனிக்கிழமை கோப்பை இறுதியிலும் அபர்டீனிடம் 0-3.

இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் வாய் திறந்தார். பேசியது 1986ஐப் பற்றி இல்லை, 1965ஐப் பற்றி. அந்த வருடமும் கடைசி நாள்தான். பட்டம் வேண்டுமானால் கில்மார்னக் அணி டைன்காசிலுக்கே வந்து 2-0 என்று ஜெயிக்க வேண்டும். வந்தது, அப்படியே ஜெயித்தது. அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். ஹார்ட்ஸ் 90க்கு 49, கில்மார்னக் 62க்கு 33. நீயே வகுத்துப் பார், ஹார்ட்ஸுக்கு 0.042 குறையும். கழித்துப் பார்த்தால் ஹார்ட்ஸ்தான் சாம்பியன். 1986இல் விதி தலைகீழ். கழித்தால் செல்டிக்குக்கு 29, ஹார்ட்ஸுக்கு 26. பழையபடி வகுத்திருந்தால் ஹார்ட்ஸுக்குப் பட்டம். ‘நாய் இருந்தால் கல் இல்லை, கல் இருந்தால் நாய் இல்லை’ என்று உன் பாட்டி சொல்வாளே, அந்தக் கதை. வீட்டுக்காரருக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

சரி, தோற்றவர்கள் மேல் பரிதாபப்பட்டா பணம் கட்டுகிறேன்? அது இல்லை. சின்ன வயதில் நவம்பர் குளிரில் உன்னை ஹேமார்க்கெட் கடிகாரத் தூணுக்கு இழுத்துப் போவேனே, நினைவிருக்கிறதா? “பசிக்குதுப்பா” என்று நீ சிணுங்குவாய். அது 1922இல் வைத்த நினைவுச்சின்னம். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஹார்ட்ஸ் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்து லீகின் உச்சியில் இருந்தது. இளைஞர்கள் சாகும்போது இவர்கள் பந்து உதைக்கிறார்களே என்று ஊரில் முணுமுணுப்பு. கிளப்பின் பெயரையே கோழைகளுக்குக் கொடுக்கும் வெள்ளை இறகின் பெயரால் மாற்றலாம் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம்கூடப் போனது. நவம்பரில் பதினொரு ஆட்டக்காரர்கள் ஒன்றாகப் போய் சர் ஜார்ஜ் மக்ரேயின் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பின்னாலேயே பல நூறு ரசிகர்கள், போட்டி கிளப்புகளின் ஆட்டக்காரர்கள். ராத்திரி முழுக்க அணிவகுப்புப் பயிற்சி, மறுநாள் ஆட்டம். கால் ஓய்ந்து நான்கு புள்ளியில் பட்டம் போனது. அதுவும் செல்டிக்கிடம்தான். 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போரின் முதல் நாளிலேயே கரி, எல்லிஸ், வாட்டி மூவரும் செத்தார்கள். போர் முடிவதற்குள் அந்த அணியில் மொத்தம் ஏழு பேர் இல்லை. பந்தாட்டக்காரன் பெயரைப் பொதுத்தெருவில் கல்லில் வெட்டி வைத்திருப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

1998இல் ரேஞ்சர்ஸை ஜெயித்துக் கோப்பை வந்தபோது ஊர்வலத்தில் என் தோளில் உட்கார்ந்து ஐஸ்கிரீமை என் தலையில் ஒழுக விட்டாய். அதை நீயே சொல்லிக்கொண்டிருப்பாய், நான் விட்டுவிடுகிறேன்.

அப்புறம் 2013. முதலாளியின் கடன் கிளப்பின் கழுத்தை நெரித்தது. திவால் நிர்வாகம் வந்து, 15 புள்ளிகளை வெட்டினார்கள், அடுத்த வருடம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்தக் கோடையில்தான் ரசிகர்கள் சேர்ந்து ‘ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ்’ என்ற தங்கள் அமைப்பு மூலம் மாதாமாதம் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆன் பட்ஜ் என்கிற தொழிலதிபர் அம்மையார் முதலில் தன் பணத்தைப் போட்டுக் கிளப்பை மீட்டார். எங்கள் பத்து பத்து பவுண்டுகள் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தன. 2021 ஆகஸ்டில் 75.1 சதவீதப் பங்கு ரசிகர்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ 8,000 பேர். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் கிடையாது, எடுக்கும் முறையும் வராது. “அந்தப் பணத்தில் ஒழுங்காக ஒரு சீட்டுப் போட்டிருக்கலாம்” என்று உன் அம்மா இன்னமும் சொல்கிறாள். ஆனாலும் டைரக்ட் டெபிட்டை நிறுத்தச் சொன்னதில்லை. ஆட்டம் இருக்கும் நாளில் ஸ்கோரை முதலில் கேட்பவளும் அவள்தான்.

ஆகவே, அந்த வரியை உன் கணக்கு நோட்டில் ‘வீண் செலவு’ பகுதியிலிருந்து எடுத்துவிடு. எங்கே போடுவது என்று உனக்குத்தான் தெரியும்.

நவம்பரில் லீவு கிடைத்தால் வா, ஹேமார்க்கெட்டுக்குப் போகலாம். உன் கையுறையை நீயே கொண்டுவா. போன தடவை என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டாய்.

அன்புடன்,
அப்பா