காலாண்டு முடிந்தது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வழக்கம்போல் மடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் வட்டார அளவில் பரிசு வாங்கினார்கள். கோ-கோ அணியும் நன்றாக ஆடியது. மாணவியர் கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி. செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் நாள். தேர்வு நேரமாக இருந்தும் காது கேட்கும் பிள்ளைகளும் கேளாத பிள்ளைகளும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்தைக் கைகளால் பாடினார்கள். பார்க்க வந்தவர்கள் குறைவுதான். சரி, அன்று கடலில் நல்ல மீன்பாடு என்று கேள்விப்பட்டேன்.

இப்போது செல்போன் விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. ஆனாலும் நாலைந்து பிள்ளைகளின் பையில் போன் இருக்கிறது, விளையாடுவதற்காக இல்லை. அப்பா அம்மாவுக்குக் காது கேட்காது, பிள்ளைக்குக் கேட்கும். அதனால் கேஸ்காரர், பேங்க், குழுக் கடன் வசூலிப்பவர், சொந்தக்காரர் என்று எல்லாரும் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள். விடுப்புக் கடிதங்களைப் புரட்டினாலும் அதே பெயர்கள்: 'அம்மாவுடன் ஆஸ்பத்திரிக்கு', 'அப்பாவுடன் பேங்குக்கு'.

ஆகஸ்டில் நடந்த ஒன்றை, அந்தத் தாய் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெண் ஆறாம் வகுப்பு. சாயங்காலம் போன் வந்திருக்கிறது. கடலுக்குப் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது, அப்பாவும் அதில் இருக்கிறார், அம்மாவிடம் சொல்லிவிடு என்று சொல்லிப் படகுக்காரர் போனை வைத்துவிட்டார். அம்மா கடல்பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் கரையேறி வந்திருக்கிறார். பாறை கீறாமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. போனில் யார் என்று அந்தத் துணிக் கையாலேயே கேட்டிருக்கிறார். பிள்ளை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் படகு என்று காட்டியது. அதற்குமேல் கை ஓடவில்லை. இன்ஜின் ரிப்பேர், நாளைக்கு வந்துவிடுவார் என்று காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்று ராத்திரி முழுக்க அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்தப் பதினோரு வயதுப் பிள்ளை. மறுநாள் கணக்கு வகுப்பில் தூங்கி விழுந்ததற்கு இங்கே திட்டும் வாங்கியது. அதற்காக நான் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தாய்க்கு வேறு கோபம்: "ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதானா எனக்கு?" அதுவும் நியாயம்தான். அப்பா திரும்பி வந்துவிட்டார். பிள்ளை மட்டும் எங்கே போன் அடித்தாலும் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது.

காது கேளாத பெற்றோரே, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சைகை மொழிக்கு இடம் இருக்கிறது. ஆனால் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அது தெரிந்த ஆள் இல்லையே. பிள்ளையைக் கூட்டிப் போகாமல் என்ன செய்வீர்கள்?

காது கேட்கும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தவணை தவறியதற்கு ஒருவர் தாயைத் திட்டுகிறார். அந்தத் திட்டை, அவள் பெற்ற பிள்ளையே தன் கையால் தாய்க்குச் சொல்கிறது. டாக்டர் சொல்லும் நோயின் பெயரையும் அதுவேதான் சொல்கிறது. பெரியவர்கள் நாமே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்லத் தயங்கும் சேதி அது. இனி பள்ளி நேரத்தில் மொழிபெயர்ப்பதற்காக எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம். போன்கள் காலையில் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். அழைப்பு வந்தால் நாங்கள் பேசுகிறோம். ஆஸ்பத்திரி என்றால் முந்தின நாளே சொல்லுங்கள், சைகை மொழி தெரிந்த நம் சிறப்பாசிரியர் கூட வருவார், அல்லது வீடியோ காலில் வருவார். படகுக்காரர்களே, கெட்ட சேதி என்றால் பெரியவர் ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். 'ஊமை வீடு' என்று அடையாளம் சொல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நன்றாகவே காது கேட்கிறது.

நேர்மாறான வீடுகளும் உண்டு. காது கேளாத பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். வீட்டில் உன்னிடம் அதிகமாகக் காட்டுகிற சைகை எது என்று நம் சிறப்பாசிரியர் ஒரு பையனிடம் கேட்டார். அவன் காட்டியது: 'அப்புறம்'. சோறு சாப்பிடும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள், என்னவென்று கேட்டால் அப்புறம் சொல்கிறேன் என்கிறார்கள், அந்த அப்புறம் வருவதே இல்லையாம். கையாட்டினால் பேச்சு வராது என்று பிள்ளையின் கையைத் தட்டிவிடும் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1880-இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடி, சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. நம் தெருவுக்கு அந்த வருத்தம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைக்கு மனநல ஆலோசனை வேண்டும் என்று சொன்னதும் ஒரு தாத்தா, "அப்போ ஏர்வாடிக்கா?" என்று பதறினார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததைப் பார்த்த மாவட்டம் இது. பயம் இருக்கத்தான் செய்யும். நான் சொல்வது அதுவல்ல. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற ஓபி மாதிரி போய்ச் சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வரலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். காது கேளாதவருக்காகப் பேசுவதென்றால் இன்னொரு பெரியவர் பேசட்டும்.

கண்டிப்பாக எழுதியது யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். வேலையை விட்டுவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்து சைகை பழகுகிற பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவருக்கும், தானாகவே வந்து போனை ஒப்படைத்த பிள்ளைக்கும் என் நன்றி.

உறையை ஒட்டிய காரணம் இதுதான். கடிதம் முழுவதையும் சிறப்பாசிரியர் சைகையில் சொல்லி, வீடியோவாக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் அதைப் பாருங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை